கசியும் கிணற்றுக்குப் பக்கத்தில் இன்னொரு கிணறு எதற்கு?

2010 மே, ஜூன் மாதங்களில் டிவி செய்தி பார்த்தவர்களுக்கு அந்தப் படம் நினைவிருக்கும். மெக்சிகோ வளைகுடாவின் தரையில், கிட்டத்தட்ட 1,500 மீட்டர் ஆழத்தில், மக்கோண்டோ என்ற எண்ணெய்க் கிணற்றின் உடைந்த குழாயிலிருந்து பழுப்பு நிறப் புகை போல எண்ணெய் பொங்கிக்கொண்டே இருக்கும். கேமரா அசையாது, பொங்குவதும் நிற்காது. பார்த்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: இதன் தலையில் ஒரு மூடியைப் போட்டு இறுக்க முடியாதா?

அதே நேரத்தில், அந்த ஓட்டையிலிருந்து சுமார் 800 மீட்டர் தள்ளி, கேமராக்கள் அதிகம் எட்டிப் பார்க்காத இடத்தில் இரண்டு ரிக்குகள், அதாவது கடலில் துளையிடும் மேடைகள், நின்று புதிதாகத் துளை போட்டுக்கொண்டிருந்தன. எண்ணெய் எடுப்பதற்கு அல்ல, பக்கத்துக் கிணற்றை அடக்குவதற்கு. கசிவைத் தடுக்க இன்னொரு ஓட்டை போடுகிறார்கள் என்றால் முதலில் கிறுக்குத்தனமாகத்தான் படும். ஆனால் எண்ணெய்த் துறையில் மற்ற வழியெல்லாம் கைவிட்டாலும் இது கைவிடாது என்று நம்பும் முறை இதுதான்.

இதற்கு ஆங்கிலத்தில் ரிலீஃப் வெல் என்று பெயர். நிவாரணக் கிணறு என்று மொழிபெயர்த்தால் வெள்ள நிவாரணமும் அரிசி மூட்டையும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன, அதனால் ரிலீஃப் கிணறு என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பெயருக்கும் ஒரு பழைய காரணம் இருக்கிறது. சாய்வாகத் துளையிடும் வித்தை கைகூடாத காலத்தில், ஒரு கிணறு வெடித்துப் பீய்ச்சினால் அதன் அருகே நேர்குத்தாக வேறு கிணறுகள் போட்டு, அதே பாறை அடுக்கிலிருந்து எண்ணெயை இழுப்பார்கள். உள்ளே அழுத்தம் குறைந்தால் பீய்ச்சலும் தணியும் என்ற கணக்கு. அழுத்தத்துக்குக் கிடைக்கும் ஆசுவாசம்தான் அந்த 'ரிலீஃப்'. 1934இல் டெக்சாஸின் கான்ரோ எண்ணெய் வயலில் ஜான் ஈஸ்ட்மேன் என்பவர் கிணற்றைச் சாய்வாகக் கொண்டுபோய், கட்டுமீறிய கிணற்றின் அடிப்பகுதிக்கு அருகிலேயே இறக்கிக் காட்டினார். அதற்குப் பிறகு வேலையே மாறிவிட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இன்றைய ரிலீஃப் கிணறு அழுத்தத்தைக் குறைப்பதில்லை. எதிர் அழுத்தத்தைக் கொண்டுபோய் வைக்கிறது.

அது எப்படி என்று புரிய, நல்லபடியாக இருக்கும் கிணறு ஏன் பீய்ச்சாமல் இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

எல்லாம் எடைக் கணக்கு

நம் ஊரில் போர்வெல் போடும்போது தண்ணீர் கிடைக்குமா என்பதுதான் கவலை. எண்ணெய்க் கிணறு போடுகிறவர்களின் கவலை வேறு: கேட்காத நேரத்தில் கிடைத்துவிடக் கூடாது. பூமிக்கு அடியில் எண்ணெய் ஏரி போலத் தளும்பிக்கொண்டு இருப்பதில்லை. நுண்துளைகள் நிறைந்த பாறைக்குள், மேலே இருக்கும் பல கிலோமீட்டர் மண், பாறை, நீர் எல்லாவற்றின் பாரத்துக்கும் கீழே நசுங்கிக்கொண்டு, வாயுவோடு சேர்ந்து அடைபட்டிருக்கிறது. துளை அங்கே போய்ச் சேர்ந்ததும் அதற்கு ஒரு வாசல் கிடைத்துவிடுகிறது.

அந்த வாசலை அடைத்து வைப்பது இரும்புக் கதவு என்றுதான் பலர் நினைக்கிறோம். உண்மையில் முதல் காவலாளி சேறு. துளையிடும்போது குழாய் வழியாகக் கீழே அனுப்பி, துளையின் ஓரமாக மேலே திரும்ப வைக்கும் கனமான திரவத்தை 'மட்' என்கிறார்கள். பென்டோனைட் களிமண், நீர் அல்லது எண்ணெய், அதோடு பேரைட் என்ற கனிமத்தின் பொடி. பேரைட் தண்ணீரைவிட நான்கு மடங்குக்கும் மேல் கனம். (உலகின் மிகப் பெரிய பேரைட் படிவுகளில் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே, ஆந்திராவின் கடப்பா பகுதியில் மங்கம்பேட்டையில் இருக்கிறது. அங்கே வெட்டியெடுப்பதில் பெரும்பங்கு எண்ணெய்க் கிணறுகளுக்காகவே ஏற்றுமதியாகிறது.) பொடியைக் கூட்டினால் சேறு கனக்கும், குறைத்தால் இலேசாகும். துளைக்குள் நிற்கும் இந்தச் சேற்றுத் தூணின் எடைதான் எண்ணெயைக் கீழேயே அமுக்கி வைக்கிறது.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 மீட்டர் உயரத் தண்ணீர், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ அழுத்தம் தரும். 2010இல் கசிந்த மக்கோண்டோ கிணற்றின் எண்ணெய்ப் பாறை, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 5,500 மீட்டர் கீழே இருந்தது. அங்கே எண்ணெயின் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 800 கிலோவுக்கும் மேல். துளை முழுக்கக் கடல்நீர் மட்டும் இருந்தால் அது கீழே தரும் அழுத்தம் 570 கிலோவுக்குள்தான். போதாது. தண்ணீரைப் போல 1.68 மடங்கு கனமுள்ள சேறு நின்றால் 900ஐத் தாண்டும். எண்ணெய் வெளியே வர முடியாது. அந்தக் கிணற்றில் கடைசியாக இருந்த சேறு ஏறக்குறைய அந்தக் கனம்தான்.

அப்படியானால் சேற்றை இன்னும் கனமாக்கிவிட்டால் முழு நிம்மதிதானே? அதுதான் இல்லை. அளவுக்கு மீறிக் கனத்தால் சுற்றியுள்ள பாறையே விரிந்து, சேறு அந்த விரிசலுக்குள் ஓடிவிடும். எண்ணெயை அமுக்கவும் வேண்டும், பாறையை உடைக்கவும் கூடாது. ஆழ்கடல் கிணறுகளில் இந்த இரண்டு எல்லைக்கும் நடுவே இருக்கும் இடைவெளி சில சமயம் மிகவும் குறுகலாக இருக்கும்.

2010 ஏப்ரல் 20 அன்று இரவு நடந்தது, எண்ணெயை அமுக்கும் பாரம் போதாமல் போனதுதான். மக்கோண்டோ கிணற்றைத் துளைத்து முடித்தாகிவிட்டது. அடியில் சிமென்ட் போட்டு, தற்காலிகமாக மூடிவிட்டு டீப்வாட்டர் ஹொரைசன் ரிக் கிளம்ப வேண்டிய நேரம். கிளம்பும் ஏற்பாடாக, மேல் பகுதியிலிருந்த கனமான சேற்றை எடுத்துவிட்டுக் கடல்நீரை நிரப்பத் தொடங்கினார்கள். பாரம் குறைந்தது. அடியிலிருந்த சிமென்ட் தாங்கியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது, ஆனால் அது தாங்கவில்லை. எண்ணெயும் வாயுவும் ஏறி வந்தன. கடல் தரையில் நிற்கும் புளோஅவுட் பிரிவென்டர் என்ற, பல மாடி உயரமுள்ள அவசர வால்வுத் தொகுதி குழாயை வெட்டி மூடியிருக்க வேண்டும், அதுவும் முழுதாக மூடவில்லை. ரிக் வெடித்துத் தீப்பிடித்தது. 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். இரண்டு நாள் எரிந்து ரிக் மூழ்கியது.

மேலிருந்து ஏன் முடியாது?

சேற்றின் எடை போனதால் வந்த வினை என்றால், மறுபடி சேற்றை ஊற்றிவிட வேண்டியதுதானே? ஊற்றிப் பார்த்தார்கள். முதலில், மே 7, 8 தேதிகளில் நூறு டன் எடையுள்ள இரும்புக் கூண்டு ஒன்றைக் கசிவின் மேல் இறக்கினார்கள். அந்த ஆழத்தின் குளிரிலும் அழுத்தத்திலும் மீத்தேன் வாயுவும் நீரும் சேர்ந்து பனிக்கட்டி போல உறைந்து, கூண்டின் வாயையே அடைத்துவிட்டன. பிறகு மே 26 முதல் மூன்று நாள், அந்த வால்வுத் தொகுதி வழியாகவே கனமான சேற்றைப் பெரிய வேகத்தில் செலுத்தினார்கள். இடையிடையே கோல்ஃப் பந்து, டயர்த் துண்டு போன்றவற்றையும் திணித்தார்கள். (வேடிக்கையாகத் தோன்றினாலும், ஓட்டையைக் குப்பை போட்டு அடைப்பது இந்தத் தொழிலில் பழைய உத்திதான்.) பலிக்கவில்லை.

காரணம் எளிது. கிணற்றின் வாயருகே எண்ணெய் முழு வேகத்தில் வெளியே பாய்ந்துகொண்டிருக்கிறது. அங்கே போய்ச் சேற்றைச் செலுத்தினால், அது கீழே இறங்குவதற்குப் பதிலாக எண்ணெயோடு சேர்ந்து வெளியே போய்விடும். எதிர்க்காற்றில் தூற்றினால் என்ன ஆகும் என்று களத்துமேட்டைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சேறு எவ்வளவு என்பதைவிட, அது கிணற்றுக்குள் எவ்வளவு உயரத்துக்குத் தூணாக நிற்கிறது என்பதுதான் முக்கியம். வாயருகே போட்டால் தூணே உருவாகாது.

அதே சேற்றைக் கிணற்றின் அடியில், எண்ணெய் உள்ளே நுழையும் இடத்துக்கு அருகில் சேர்த்தால் கதை மாறுகிறது. இப்போதும் எண்ணெய் சேற்றை மேலே தள்ளிக்கொண்டு போகத்தான் செய்யும். போகட்டும். வெளியேறுவதற்கு முன் அந்தச் சேறு நாலாயிரம் மீட்டர் ஏற வேண்டும், ஏறும் வழியெல்லாம் அதன் பாரம் எண்ணெயின் தலைமேல்தான். அடியில் தொடர்ந்து செலுத்தச் செலுத்த, குழாய்க்குள் எண்ணெயின் பங்கு குறைந்து சேற்றின் பங்கு கூடும். கலவை கனக்கும், பாய்ச்சல் தளரும். பாய்ச்சல் தளர்ந்தால் உள்ளே வரும் எண்ணெயும் குறையும், அதனால் கலவை இன்னும் கனக்கும். ஒரு கட்டத்தில் துளை முழுக்கச் சேறாகிவிடும், எண்ணெய் வந்த வழியே நின்றுவிடும். கிணற்றைக் 'கொல்வது' என்று தொழிலில் சொல்வது இதைத்தான்.

இதில் இன்னொரு நுணுக்கம் உண்டு. 1978இல் சுமத்ராவின் அருண் வாயு வயலில் ஒரு கிணறு கட்டுமீறியபோது, எடையை மட்டும் நம்பாமல் உராய்வையும் துணைக்கு அழைத்தார்கள். ரிலீஃப் கிணறு வழியாகத் தண்ணீரை மிக வேகமாகச் செலுத்தினால், குழாய்ச் சுவரோடு உரசுவதாலேயே கூடுதல் அழுத்தம் பிறக்கும். பம்பின் வேகத்தைக் கூட்டிக் குறைத்து அந்த அழுத்தத்தை வேண்டிய அளவில் நிறுத்தலாம், பாறை உடையும் எல்லையைத் தொட வேண்டியதில்லை. பாய்ச்சல் நின்றதும் கனமான சேற்றை அனுப்பி நிலைநிறுத்திவிடலாம். இன்றும் ரிலீஃப் கிணறு திட்டமிடுகிறவர்கள் முதலில் போடும் கணக்கு இதுதான்: எந்த வேகத்தில், எந்தக் கனத்தில், எத்தனை பம்புகள்.

போகும் பாதை

சரி, அடிக்குப் போக வேண்டும். எந்த இடத்திலிருந்து தொடங்குவது? கசியும் கிணற்றின் தலைமேல் நிற்க முடியாது. தீ, வாயு, மூழ்கிய இரும்பு, மற்ற கப்பல்கள் என்று அங்கே ஏற்கெனவே நெரிசல். காற்று எந்தப் பக்கம் அடிக்கும், நீரோட்டம் எப்படிப் போகும், கடல் தரையடியில் எங்கே வாயுப் பைகள் இருக்கின்றன என்றெல்லாம் பார்த்து ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுப்பார்கள். மக்கோண்டோவில் அது ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே 2009இல் கசிந்த மோண்டாரா கிணற்றில் 2 கிலோமீட்டர் தள்ளி நிற்க வேண்டியிருந்தது.

தொடக்கத்தில் இது எந்தக் கிணற்றையும் போன்ற வேலைதான். அகலமான துளையில் தொடங்கி, கொஞ்சம் இறங்கியதும் கேசிங் குழாயை இறக்கிச் சுற்றிலும் சிமென்ட் போட்டு, அதற்குள்ளே சற்றுக் குறுகலான துளையைத் தொடர்வது. இப்படி அடுக்கடுக்காக. நமது போர்வெல்லிலும் கேசிங் பைப் உண்டு, ஆனால் அங்கே ஒரே அடுக்கு. இங்கே தொலைநோக்கியை நீட்டியது போல ஒன்றுக்குள் ஒன்றாகப் பல அடுக்குகள். நேராகப் பல ஆயிரம் மீட்டர் இறங்கியபின் மெல்லச் சாய்க்கத் தொடங்குவார்கள். இரும்புக் குழாய் வளையுமா என்று கேட்கலாம். கிலோமீட்டர் கணக்கான நீளத்தில் அது நூல் மாதிரிதான் நடந்துகொள்கிறது. துளைமுனைக்குப் பின்னால் இருக்கும் மோட்டாரின் உறையில் சிறு கோணம் வைத்து, எந்தப் பக்கம் திருப்ப வேண்டுமோ அந்தப் பக்கம் நோக்கி நிறுத்தினால், முப்பது மீட்டருக்கு ஓரிரு டிகிரி என்று வளைந்துகொண்டே போகும்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது: ரிலீஃப் கிணறும் அதே ஆபத்தான பாறையை நோக்கித்தான் போகிறது. முதல் கிணறு எந்தப் பொறியில் விழுந்ததோ, அதே பொறி இதற்கும் காத்திருக்கிறது. அதனால் இதற்கும் தனியாகப் புளோஅவுட் பிரிவென்டர் உண்டு, ஒவ்வொரு கட்டத்திலும் சோதனை உண்டு. அவசரப்பட்டால் ஒன்றுக்கு இரண்டாகப் பீய்ச்சும்.

இருட்டில் இரும்பைத் தேடுவது

எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான். இலக்கு என்பது பூமிக்குள் பல கிலோமீட்டர் கீழே, ஒரு தோசையின் அகலம்கூட இல்லாத குழாய். மோண்டாராவில் அதன் விட்டம் சுமார் 25 சென்டிமீட்டர். அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

துளையிட்டபோது எடுத்த அளவைக் குறிப்புகள் இருக்குமே, அதைப் பார்த்துப் போகலாமே என்று தோன்றும். துளைமுனைக்குப் பின்னால் இருக்கும் கருவிகள் பூமியின் காந்தப்புலத்தையும் ஈர்ப்பையும் வைத்துத் திசையையும் சாய்வையும் அளந்துகொண்டே வரும், உண்மைதான். ஆனால் ஒவ்வொரு அளவிலும் மயிரிழைப் பிழை இருக்கும். ஐயாயிரம் மீட்டர் போவதற்குள் அந்தப் பிழைகள் சேர்ந்து பல மீட்டர், சில சமயம் பத்துப் பதினைந்து மீட்டருக்கும் மேல் ஆகிவிடும். 'கிணறு இந்தப் புள்ளியில் இருக்கிறது' என்று சொல்ல முடியாது, 'இந்த முட்டை வடிவ எல்லைக்குள் எங்கோ இருக்கிறது' என்றுதான் சொல்ல முடியும். பழைய கிணற்றுக்கு ஒரு முட்டை, நாம் போடும் கிணற்றுக்கு இன்னொரு முட்டை. வீட்டு முகவரி தெரியாமல் தெருப்பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடுவது போலத்தான்.

அந்த முட்டைக்கு அருகே வந்ததும் முறை மாறும். துளையிடுவதை நிறுத்தி, குழாய்களை மேலே இழுத்துவிட்டு, கேபிளில் ஒரு கருவியை இறக்குவார்கள். அதில் இருக்கும் மின்முனை சுற்றியுள்ள பாறைக்குள் மாறுதிசை மின்சாரத்தைப் பாய்ச்சும். பாறைத் துளைகளில் உப்புநீர் இருப்பதால் மின்சாரம் ஓரளவு பரவும். பரவிக்கொண்டே போகும்போது வழியில் இரும்புக் குழாய் ஒன்று இருந்தால்? பாறையைவிட இரும்பு பல மடங்கு நல்ல கடத்தி, மின்சாரத்தின் ஒரு பகுதி அதில் ஏறிக்கொள்ளும். மின்சாரம் ஓடும் கம்பியைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகும், பள்ளிக்கூடத்தில் காந்த ஊசியை வைத்துப் பார்த்தோமே, அதேதான். கட்டுமீறிய கிணற்றின் கேசிங் குழாயே இப்போது அந்தக் கம்பி. கருவியின் கீழ்ப்பகுதியில் இருக்கும் நுண்ணிய உணரிகள் அந்தக் காந்தப்புலத்தை அளக்கும். புலத்தின் திசை, குழாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்லும். வலிமை, எவ்வளவு தூரம் என்று சொல்லும். கார்னெல் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் ஆர்தர் குக்ஸ் 1980களின் தொடக்கத்தில் இந்த முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விதி வருகிறது. இரும்பு இருந்தால்தான் தேட முடியும். கிணற்றின் அடிப்பகுதியில் கேசிங் இறக்காமல் வெறும் பாறைத் துளையாக விட்டிருந்தால், கருவிக்குக் கண் தெரியாது. அப்போது கேசிங் முடியும் இடத்துக்கு அருகே குறிவைக்க வேண்டியதுதான்.

கருவி சொன்னதை வைத்துத் திசையைச் சரிசெய்து கொஞ்சம் துளையிடுவார்கள். மறுபடி குழாய்களை உருவி, கருவியை இறக்கி, அளந்து, மேலே எடுத்து, குழாய்களை இறக்கி... ஐந்து கிலோமீட்டர் குழாயை உருவி இறக்குவது என்பது துண்டு துண்டாகக் கழற்றி மாட்டும் வேலை. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒன்றிரண்டு நாள் போய்விடும். செய்தியாளர்கள் 'இன்னும் சில மீட்டர்தான்' என்று எழுதிய பிறகும் வாரக்கணக்கில் ஒன்றும் நடக்காதது போலத் தோன்றியதற்கு இதுதான் காரணம். துளைக்கும் பலம் இல்லாமல் நிற்கவில்லை. எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாது என்பதால் நின்றார்கள்.

குறுக்காகப் போய் மோதவும் மாட்டார்கள். குறுக்கே போனால் ஒரே ஒரு புள்ளியில்தான் வாய்ப்பு, தவறினால் தாண்டிப் போய்விடும். அதனால் பழைய கிணற்றுக்குக் கிட்டத்தட்ட இணையாக, சில டிகிரி சாய்வில் உரசுவது போல நெருங்குவார்கள். சில சமயம் வேண்டுமென்றே ஒரு பக்கமாகக் கடந்துபோய், இரண்டு பக்கத்திலிருந்தும் அளந்து இடத்தை உறுதிசெய்துகொண்டு திரும்பி வருவதும் உண்டு. கடைசி ஓரிரு மீட்டர் இருக்கும்போது நிறுத்தி, கேசிங் இறக்கிச் சிமென்ட் போட்டு ரிலீஃப் கிணற்றை உறுதிப்படுத்திக்கொள்வார்கள், ஏனென்றால் தொட்ட கணத்தில் இரண்டு கிணறும் ஒன்றாகிவிடும்.

தொட்டது எப்படித் தெரியும்? யு வடிவக் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் சேறு நிறைந்த ரிலீஃப் கிணறு, மறுபக்கம் இலேசான எண்ணெயும் வாயுவும் ஓடும் கிணறு. இரண்டுக்கும் அடியில் திறப்பு கிடைத்ததும் கனமான பக்கம் தானாகவே இலேசான பக்கத்துக்குள் சரியும். ரிக்கில் திரும்பி வந்துகொண்டிருந்த சேறு திடீரென்று வருவதை நிறுத்தும். எந்தக் கிணற்றிலும் சேறு காணாமல் போவது கெட்ட சகுனம். ரிலீஃப் கிணற்றில் மட்டும் அதற்காகத்தான் மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். உடனே பம்புகள் முழு வேகம் எடுக்கும். பாய்ச்சல் அடங்கியதும் சிமென்ட் அனுப்பப்படும். சேறு திரவம்தான், என்றைக்கும் அதை நம்பியிருக்க முடியாது. நிரந்தரமாக அடைப்பது சிமென்ட்.

ஐந்தாவது தடவை

இது காகிதத்தில் போகும் அழகில் கடலில் போகாது என்பதற்கு மோண்டாரா நல்ல உதாரணம். 2009 ஆகஸ்ட் 21 அன்று டிமோர் கடலில் அந்தக் கிணறு கசியத் தொடங்கியது. ரிலீஃப் கிணறு போட வெஸ்ட் டிரைட்டன் என்ற ரிக்கை வேறிடத்திலிருந்து இழுத்துக்கொண்டு வரவே வாரங்கள் ஆயின. கடல் தரைக்குக் கீழே சுமார் 2.6 கிலோமீட்டரில் இலக்கு. முதல் முயற்சி தவறியது. பின்வாங்கி, தவறிய துளையை அடைத்து, பக்கவாட்டில் புதிதாகக் கிளை பிரித்து மறுபடி. அதுவும் தவறியது. நான்கு தடவை தவறி, நவம்பர் 1 அன்று ஐந்தாவது தடவை பிடித்தார்கள். சேற்றைச் செலுத்திக்கொண்டிருக்கும்போதே கசியும் கிணற்றின் மேடையில் தீப்பிடித்து, அங்கிருந்த வெஸ்ட் அட்லஸ் ரிக் எரிந்தது. ஆட்கள் ஏற்கெனவே வெளியேறியிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. நவம்பர் 3 அன்று சேறு ஜெயித்தது, கசிவும் நின்றது, தீயும் அடங்கியது. மொத்தம் 74 நாள்.

இதற்கு முன் 1979இல் மெக்சிகோவின் கம்பேச்சே வளைகுடாவில் இக்ஸ்டாக் கிணறு வெடித்தபோது, கடலின் ஆழம் வெறும் 50 மீட்டர்தான். இருந்தும் இரண்டு ரிலீஃப் கிணறுகள் போட்டு அடக்குவதற்கு ஜூன் 3 முதல் அடுத்த வருடம் மார்ச் 23 வரை பிடித்தது. நிலத்திலும் இதே வைத்தியம்தான்: லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் அலிசோ கேன்யன் வாயுச் சேமிப்புக் கிணறு 2015 அக்டோபரில் கசிந்தபோது, மேலிருந்து சேறு செலுத்திய முயற்சிகள் எல்லாம் தோற்று, டிசம்பரில் தொடங்கிய ரிலீஃப் கிணறு பிப்ரவரி 11 அன்று அதைத் தொட்டது. அங்கே இலக்கு தவறவில்லை.

சாய்வுக் கிணற்றைக் கொண்டு செய்த இன்னொரு காரியத்தையும் சொல்லாமல் விட மனமில்லை. சோவியத் உஸ்பெகிஸ்தானில் உர்ட்டபுலாக் என்ற இடத்தில் ஒரு வாயுக் கிணறு 1963 முதல் ஏறக்குறைய மூன்று வருடம் எரிந்துகொண்டிருந்தது. 1966 செப்டம்பரில் பக்கத்தில் சாய்வாக ஒரு துளை போட்டு, சில பத்து மீட்டர் அருகே கொண்டுபோய், 30 கிலோடன் அணுகுண்டை வெடித்தார்கள். பாறை நசுங்கிக் கிணறு மூடிக்கொண்டது. 2010இல் சிலர் இதை மக்கோண்டோவுக்கும் சொன்னார்கள். நல்லவேளை, யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கவனித்தால், அதற்கும் பக்கத்துக் கிணறு ஒன்று தேவைப்பட்டிருக்கிறது.

மூடியா, கிணறா?

மக்கோண்டோவுக்குத் திரும்புவோம். முதல் ரிலீஃப் கிணறு மே 2 அன்று தொடங்கியது. அது ஏதாவது காரணத்தால் கெட்டுப்போனால் என்ன செய்வது என்று மே நடுவில் இரண்டாவதும் தொடங்கினார்கள். ஜூலை கடைசியில் போனி என்ற புயல் வந்து வேலையை நிறுத்த வைத்தது. ஆனால் அதற்கு முன்பே, ஜூலை 15 அன்று, உடைந்த வால்வுத் தொகுதியின் மேல் புதிதாகச் செய்த இறுக்கமான மூடி ஒன்றைப் பொருத்தி மெல்ல மூடிவிட்டார்கள். 87 நாளுக்குப் பிறகு எண்ணெய் பொங்குவது நின்றது. ஆகஸ்ட் தொடக்கத்தில் மேலிருந்தே சேறு செலுத்தி, சிமென்டும் போட்டார்கள். பாய்ச்சல் நின்றுவிட்டதால் இந்த முறை சேறு இறங்கியது.

ஆகவே, மக்கோண்டோ கசிவை ரிலீஃப் கிணறு நிறுத்தியது என்று எழுதினால் அது பொய். நிறுத்தியது மூடி. ரிலீஃப் கிணறு செப்டம்பர் 16 அன்றுதான் போய்ச் சேர்ந்தது. அப்படியானால் வீண் வேலையா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. மேலே மூடி இறுக்கமாக இருந்தாலும், குழாய்க்கும் பாறைக்கும் நடுவில் இருக்கும் வளைய இடைவெளியில் எண்ணெய் இன்னும் பாறையோடு தொடர்பில் இருக்கிறதா என்று மேலிருந்து யாராலும் பார்க்க முடியாது. அடியில் போய்த் தொட்டுப் பார்த்து, சிமென்ட் போட்டு, சோதித்த பிறகுதான், செப்டம்பர் 19 அன்று, மீட்புப் பணிக்குப் பொறுப்பாக இருந்த தாட் ஆலன் கிணறு செத்துவிட்டது என்று அறிவித்தார். அதற்குள் கடலில் கலந்த எண்ணெய், பின்னாளில் அமெரிக்க நீதிமன்றம் எடுத்துக்கொண்ட கணக்குப்படி 31.9 லட்சம் பீப்பாய். ஒரு பீப்பாய் என்பது 159 லிட்டர்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு அப்படிப்பட்ட மூடிகளை முன்கூட்டியே செய்து சிங்கப்பூர், நார்வே, பிரேசில், தென்னாப்பிரிக்கா என்று பல இடங்களில் தயாராக வைத்திருக்கிறார்கள். ரிலீஃப் கிணறு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதில்லை. அதற்காக ரிலீஃப் கிணற்றை விட்டுவிடவும் இல்லை. 2012இல் வட கடலின் எல்ஜின் மேடையில் வாயு கசிந்தபோது, மேலிருந்து சேறு செலுத்தும் ஏற்பாடும் ரிலீஃப் கிணறு வேலையும் ஒன்றாகவே நடந்தன. மேலே செலுத்தியது பலித்தது, அதோடு சரி. எது பலிக்கும் என்று முதல் நாளே தெரியாதபோது இரண்டையும் தொடங்குவதுதான் புத்திசாலித்தனம். வாரங்கள் காத்திருந்துவிட்டுத் தொடங்கினால் அந்த வாரங்கள் திரும்பக் கிடைக்காது.

ஆர்க்டிக் கடலில் இந்தக் கணக்கு இன்னும் கடுமையாகிறது. அங்கே கோடையில் சில மாதம்தான் துளையிட முடியும், பிறகு பனி மூடிவிடும். கசிவு ஏற்பட்டு ரிலீஃப் கிணறு பாதியில் நிற்கும்போது பனி வந்துவிட்டால், அடுத்த கோடை வரை பனிக்கு அடியில் எண்ணெய் பொங்கிக்கொண்டே இருக்கும். அதனால்தான் கனடா 1970களிலிருந்தே, அதே பருவத்துக்குள் ரிலீஃப் கிணறு போட்டு முடிக்க வழி காட்டினால்தான் ஆர்க்டிக்கில் துளையிடலாம் என்ற நிபந்தனையை வைத்திருந்தது. நிறுவனங்களுக்கு இது பிடிப்பதில்லை, இன்னொரு ரிக்கைச் சும்மா பக்கத்தில் நிறுத்தி வைக்க ஆகும் செலவு கொஞ்சநஞ்சமல்ல. மோண்டாராவுக்கு ரிக் வந்து சேர எத்தனை வாரம் ஆனது என்பதை நினைத்தால், நிபந்தனை வைத்தவர்கள் பக்கம்தான் எனக்கு நியாயம் தெரிகிறது.

மக்கோண்டோவின் இரண்டு ரிலீஃப் கிணறுகளும் என்ன ஆயின என்று சிலர் கேட்பதுண்டு. அத்தனை செலவு செய்து எண்ணெய்ப் பாறையை நோக்கிப் பல ஆயிரம் மீட்டர் போன துளையாயிற்றே, அதிலேயே எண்ணெய் எடுத்திருக்கலாமே என்று. எடுக்கவில்லை. வேலை முடிந்ததும் அவற்றுக்குள்ளும் சிமென்ட் ஊற்றி, அடைத்து, கடல் தரையிலேயே விட்டுவிட்டு ரிக்குகள் கிளம்பிவிட்டன.